எச்-1பி மனுவின் ஆறாம் பகுதி: "லைசென்ஸ் தேவையில்லை" என்று டிக் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. டெக்சாஸில் 35 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனி. ரேடியோ அலைகளை அளக்கும் கருவிகள் செய்கிறீர்கள், அமெரிக்காவுக்கு வெளியே ஒன்றைக்கூட விற்றதில்லை. ஆபீஸ் நிர்வாகமும் ஆள் எடுக்கும் வேலையும் உங்கள் பொறுப்பு. ஸ்டெம் ஓபிடியில் (அமெரிக்காவில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) உங்களிடமே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவருக்கு முதல்முறையாக எச்-1பி வேலை விசா போடப் போகிறீர்கள். வழக்கறிஞர் அலுவலகம் அனுப்பிய கேள்வித்தாளில் ஒரு வரி: "ஐ-129, ஆறாம் பகுதி, லைசென்ஸ் தேவையில்லை என்பதை உறுதி செய்யவும்." ஐ-129 என்பது அந்த விசாவுக்காகக் கம்பெனி போடும் மனுப் படிவம். உங்கள் தொழில்நுட்பத்தை அந்த ஊழியருக்குக் காட்ட அரசிடம் ஏற்றுமதி லைசென்ஸ் வேண்டுமா என்பதுதான் ஆறாம் பகுதியின் கேள்வி. நாங்கள் எதையும் ஏற்றுமதியே செய்வதில்லையே, டிக் போட்டு அனுப்பிவிடலாமா என்கிறீர்கள். கடைசியாக, இவ்வளவு தொல்லை என்றால் அடுத்த முறை கிரீன் கார்டு உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்த வரியை நீங்கள் தனியாக உட்கார்ந்து நிரப்ப முடியாது. வழக்கறிஞராலும் முடியாது. அந்தத் தம்பி எந்த டிராயிங்கைத் திறக்கிறார், எந்த சோர்ஸ் கோடைப் படிக்கிறார், யார் பக்கத்தில் உட்கார்ந்து எதைக் கற்றுக்கொள்கிறார் என்று தெரிந்தவர் சொல்ல வேண்டிய பதில் அது. உங்கள் இடத்தில் அது தலைமை இன்ஜினியராக இருக்கும். கடைசியில் டிக் விழும் கட்டம் நீங்கள் நினைத்த அதே கட்டமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் "ஏற்றுமதி செய்வதில்லை" என்பது அதற்குக் காரணம் ஆகாது. வேறு காரணம் வேண்டும், அது காகிதத்தில் இருக்க வேண்டும்.

நான் வழக்கறிஞர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 8 வருடம் ஹார்டுவேர் இன்ஜினியராக இருந்தேன். அப்புறம் 16 வருடமாக கலிஃபோர்னியாவில் சிப் கம்பெனிகளிலும் அளவீட்டுக் கருவி கம்பெனிகளிலும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு பார்க்கிறேன். இந்த ஆறாம் பகுதிக்காக எத்தனையோ பேரின் வேலையை அலசி எழுதியிருக்கிறேன். உங்கள் கருவியை நான் பார்த்ததில்லை. அதனால் அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அதன் எண் என்ன என்று இங்கிருந்து சொல்லப்போவதில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல முடியும்.

முதலில் "ஏற்றுமதி" என்ற சொல்லைப் பார்ப்போம். நமக்கு ஏற்றுமதி என்றால் துறைமுகம், கன்டெய்னர், சுங்கச் சீட்டு. அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதி விதிகளில் (எங்கள் வட்டாரத்தில் இஏஆர் என்போம்) அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பத்தையோ சோர்ஸ் கோடையோ அமெரிக்க மண்ணிலேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினால், வாயால் சொன்னால்கூட, அது அவருடைய நாட்டுக்கே அனுப்பியதாகக் கணக்கு. இதைத்தான் "டீம்டு எக்ஸ்போர்ட்" என்கிறார்கள், அதாவது ஏற்றுமதியாகவே கருதப்படுவது. உங்கள் லேபில் ஒயிட்போர்டில் வரைந்து விளக்குகிறீர்கள். பொருள் எதுவும் கதவைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஒயிட்போர்டில் இருப்பது கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பமாக இருந்து, எதிரே நிற்பவர் இந்தியக் குடிமகனாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது இந்தியாவுக்குப் போய்விட்டது. ராணுவத் தளவாடங்கள் சம்பந்தப்பட்ட தொழில்நுட்பத் தகவலுக்கு வெளியுறவுத் துறையின் விதிகள் தனி. ஐடார் என்பது அவைதான். அங்கேயும் இதே தர்க்கம், இன்னும் கடுமையாக.

யாரெல்லாம் வெளிநாட்டவர் என்பதில் குழப்பமில்லை. அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதியாக ஏற்கப்பட்டவர்கள், தஞ்சம் வழங்கப்பட்டவர்கள் ஆகியோர் இந்த விதிகளுக்கு வெளிநாட்டவர் அல்ல. மற்ற எல்லோரும், எந்த விசாவில் இருந்தாலும், வெளிநாட்டவர்தான்.

எந்த நாடு என்று கணக்கிடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வணிகத் துறை, ஒருவர் கடைசியாகப் பெற்ற குடியுரிமையை, அல்லது கடைசியாகப் பெற்ற நிரந்தரக் குடியிருப்பைப் பார்க்கிறது. வெளியுறவுத் துறையோ இன்று இருக்கும் குடியுரிமை, முன்பு இருந்த குடியுரிமை, இன்றுள்ள நிரந்தரக் குடியிருப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கைக் குடியுரிமையோடு டொராண்டோவுக்குப் போய், கனடியக் குடிமகனாகி, இப்போது உங்களிடம் வேலைக்கு வருகிறார் ஒருவர் என்று வையுங்கள். வணிகத் துறைக்கு அவர் கனடா. வெளியுறவுத் துறைக்கு அவர் கனடாவும் இலங்கையும். பாஸ்போர்ட்டின் அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கோயம்புத்தூர்த் தம்பி இடையில் வேறு எங்கும் நிரந்தரக் குடியிருப்பு வாங்கவில்லை என்றால் இரண்டு கணக்கிலும் இந்தியா மட்டும்தான்.

இந்த விதிகள் பழையவை. விசாப் படிவத்துக்குள் அவை நுழைந்ததுதான் பிற்பாடு. 2011 பிப்ரவரி 20 முதல் ஐ-129 படிவத்தின் ஆறாம் பகுதியை நிரப்புவது கட்டாயமானது. எச்-1பி, சிலி மற்றும் சிங்கப்பூர்க்காரர்களுக்கான எச்-1பி1, கம்பெனிக்குள்ளேயே இடம் மாறி வருபவர்களுக்கான எல்-1, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஓ-1ஏ ஆகியவற்றுக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி. இரண்டே கட்டங்கள். ஒன்று, நாங்கள் இவருக்குக் காட்டப்போகும் தொழில்நுட்பத்துக்கு வணிகத் துறையிடமோ வெளியுறவுத் துறையிடமோ லைசென்ஸ் தேவையில்லை. இரண்டு, தேவை, அது கையில் கிடைக்கும்வரை அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்வோம். இரண்டு விதிகளையும் படித்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம் என்று அந்தக் கட்டங்களுக்கு மேலேயே அச்சிட்டிருக்கும். படிவத்தின் முடிவில் பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவோம் என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்து. கையெழுத்துப் போடுவது கம்பெனி. வழக்கறிஞர் தன் பங்குக்கு, படிவத்தைத் தயாரித்தவர் என்ற இடத்தில் மட்டும் போடுவார். "வழக்கறிஞர் சொன்னார், போட்டோம்" என்று பின்னால் சொல்ல வழியில்லை.

கேள்வி நான்கு விசாக்களுக்கு மட்டும் என்றாலும் விதி எல்லோருக்கும் பொருந்தும். ஓபிடியில் இருப்பவர், எச்-4 வேலை அனுமதியில் இருப்பவர், டிஎன் விசாவில் வந்த கனடாக்காரர், கோடைகால இன்டர்ன், ஒரு வாரம் பார்வையாளராக வந்து போகும் விற்பனையாளர் எல்லோரும் இதற்குள் வருவார்கள். அதாவது உங்கள் தம்பி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இந்தக் கேள்வி வந்துவிட்டது. யாரும் காகிதத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பின்னால் திரும்ப வருகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

இப்போது அலசல். வணிகத் துறையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 0 முதல் 9 வரை பத்துப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏ முதல் இ வரை ஐந்து குழுக்கள். ஏ என்றால் கருவி, டி என்றால் மென்பொருள், இ என்றால் தொழில்நுட்பம். 3 என்பது எலக்ட்ரானிக்ஸ். ஆகவே அளவீட்டுக் கருவி 3ஏ002 என்ற எண்ணுக்குள் விழலாம், அதை வடிவமைக்கவும் தயாரிக்கவும் தேவையான அறிவு 3இ001 என்ற எண்ணுக்குள் விழும். ஆறாம் பகுதிக்கு வேண்டியது இரண்டாவது எண்தான். நிறையப் பேர் கருவியின் எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பட்டியலில் எங்குமே இடம்பெறாத சாதாரணப் பொருள்கள் "இஏஆர்99" என்ற கூடையில் போய் விழும். உங்கள் தொழில்நுட்பம் முழுவதும் அந்தக் கூடையில்தான் என்றால், இந்தியக் குடிமகன் ஒருவருக்குக் காட்ட லைசென்ஸ் பேச்சே இல்லை, முதல் கட்டத்தில் டிக் போடலாம். சின்ன கம்பெனிகளில் பாதிக்கு மேல் நான் பார்த்தது இதுதான்.

ஆனால் ரேடியோ அலை அளவீடு என்றதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம், அந்தத் துறையில் எண்கள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. ஒரு கம்பெனியில் இதற்காக ஒரு சீனியர் இன்ஜினியரோடு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மேஜையில் மூன்று மாடல்களின் டேட்டாஷீட், என் பக்கம் கட்டுப்பாட்டுப் பட்டியலின் அச்சுப் பிரதி. ஒவ்வொரு வரியாக நான் படிப்பேன், அவர் பதில் சொல்வார். அதிகபட்ச அதிர்வெண் என்ன? ரியல்டைம் பேண்ட்விட்த் எவ்வளவு? ரெசல்யூஷன் பேண்ட்விட்த்? அந்தப் பகுதியில் 31.8 கிகாஹெர்ட்ஸ் என்ற எண் திரும்பத் திரும்ப வரும். அவருடைய இரண்டு மாடல்கள் அதற்கு வெகு கீழே. மூன்றாவது, "இன்னும் வெளியே விடவில்லை, அடுத்த வருடம் வரும்" என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன மாடல், அந்த எல்லைக்குள் வந்தது. புதிதாக எடுக்கப்போகும் ஆளை வைத்துச் செய்யவிருந்த வேலை அந்த மூன்றாவது மாடல்தான். ஆட்களை எடுப்பவருக்கு அப்படி ஒரு மாடல் இருப்பதே தெரியாது. உங்கள் தலைமை இன்ஜினியரிடம் இன்று விற்பதைப் பற்றி மட்டும் கேட்காமல், அடுத்த மூன்று வருடத்தில் இந்தத் தம்பி தொடப்போவது என்ன என்று கேளுங்கள். மனுவும் அந்த மூன்று வருடத்துக்குத்தான்.

நீங்கள் செய்யும் பொருளோடு விஷயம் முடியாது. உங்களுக்குச் சிப் விற்கும் கம்பெனி ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் கொடுத்த வடிவமைப்புக் கோப்புகள் இருக்கலாம். வாடிக்கையாளர் கொடுத்த வரைபடங்கள் இருக்கலாம். அவற்றின் எண் என்ன என்று கொடுத்தவரிடமே ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பெரிய கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள், ஓரிரு நாளில் பதில் வரும்.

எதெல்லாம் இந்த வலையில் விழாது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பயந்துபோய் எல்லாவற்றையும் பூட்டி வைப்பீர்கள். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடப்பட்ட தகவல் கட்டுப்பாட்டுக்குள் வராது. பாடப்புத்தகம், ஆய்விதழ்க் கட்டுரை, காப்புரிமை ஆவணம், உங்கள் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் டேட்டாஷீட் எல்லாம் அப்படித்தான். வடிவமைக்கவோ தயாரிக்கவோ கற்றுக்கொடுக்காமல் ஒரு கருவியை இயக்க மட்டும் கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. ஏனென்றால் "பயன்பாட்டுத் தொழில்நுட்பம்" என்று சொல்ல, இயக்குவது, நிறுவுவது, பராமரிப்பது, பழுது பார்ப்பது, முழுதாகப் பிரித்துச் சீர்செய்வது, புதுப்பிப்பது ஆகிய ஆறும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது வணிகத் துறையின் விளக்கம். ராணுவப் பட்டியலிலிருந்து வணிகத் துறைக்கு மாற்றப்பட்ட, "600 வரிசை" என்று சொல்லும் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஆறில் ஒன்றே போதும். மென்பொருளில், கம்பைல் செய்து முடித்த நிரலைக் கொடுப்பது டீம்டு எக்ஸ்போர்ட் ஆகாது. சோர்ஸ் கோடுதான் கணக்கு. குறியாக்கம் செய்யும் சோர்ஸ் கோடைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்கக் கம்பெனி தன் சொந்த ஊழியர்களுக்கு உள்வேலைக்காக அதைக் காட்ட ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கியூபா, ஈரான், வடகொரியா போன்ற நாட்டவர்களுக்குத்தான் அது கிடைக்காது. சென்னையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வந்து சாதாரண வணிக மென்பொருள் எழுதும் பெரும்பாலோருக்கு ஆறாம் பகுதி சுலபமாக முடிவது இதனால்தான்.

பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் வாடிக்கையாளர் ஒருவராவது உங்களுக்கு இருக்கிறாரா? இருந்தால் அந்த ஒப்பந்தத்தை எடுத்து, ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றிய பிரிவு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஐடார் தகவலுக்கு நான் மேலே சொன்ன சலுகைகள் பெரும்பாலும் பொருந்தாது. இந்தியக் குடிமகனுக்கு ஒரே ஒரு பக்கம் காட்டுவதற்குக்கூட வெளியுறவுத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும். டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத் வழக்கு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. ஆளில்லா விமானங்களுக்காக அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்த பிளாஸ்மா ஆய்வில், சீனாவையும் ஈரானையும் சேர்ந்த மாணவர்களை அனுமதியில்லாமல் வேலை செய்ய விட்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. 2008-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2009-இல் நான்கு வருடச் சிறைத் தண்டனை. தண்டனை பெறும்போது எழுபதைத் தாண்டியவர்.

சரி, அலசிப் பார்த்ததில் கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது என்று தெரிகிறது. உடனே லைசென்ஸ் என்று நினைக்க வேண்டாம். எந்த நாட்டுக்கு எந்தக் காரணத்துக்காகக் கட்டுப்பாடு என்று ஒரு நாடுகளின் அட்டவணை இருக்கிறது. அதில் இந்தியாவின் வரிசையைப் பார்க்க வேண்டும். கட்டுப்பாடு இருந்தாலும் விதிவிலக்குகள் இருக்கலாம். தேசப் பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காகக் கட்டுப்படுத்தப்பட்ட தொழில்நுட்பத்துக்கு டிஎஸ்ஆர் என்று ஒரு விதிவிலக்கு. இந்தியா அதற்குத் தகுதியான நாடுகளின் குழுவில் இருக்கிறது. இதை வேறு சில நாட்டவர்களுக்குத் தரமாட்டேன் என்று அந்த ஊழியரிடம் முன்கூட்டியே எழுத்தில் உறுதிமொழி வாங்க வேண்டும். வாங்கிய பிறகுதான் காட்ட வேண்டும், வரிசை மாறக்கூடாது. 2018 ஆகஸ்டில் இந்தியாவை ஏ:5 என்ற குழுவுக்கு உயர்த்தினார்கள். அதனால் எஸ்டிஏ என்ற இன்னொரு விதிவிலக்கும் திறந்தது. எந்த விதிவிலக்கு எந்த எண்ணுக்குச் செல்லும் என்று பட்டியலில் அந்தந்த எண்ணுக்குக் கீழேயே எழுதியிருக்கும்.

விதிவிலக்கின் கீழ் காட்டினால் ஆறாம் பகுதியில் எந்தக் கட்டம்? இங்கேதான் உறுதி குறைகிறது. விதிவிலக்கு இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை, ஆகவே முதல் கட்டம் என்பதே நான் வேலை செய்த வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. நானும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறேன். ஆனால் இரண்டாம் கட்டத்தின் வாசகத்தில் "லைசென்ஸ் அல்லது வேறு அங்கீகாரம்" என்ற சொற்கள் இருப்பதைக் காட்டி, உறுதிமொழி கையில் வரும்வரை இரண்டாவதுதான் சரி என்று வாதிட்டவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அதனால் நான் கடைப்பிடிக்கும் வழி, மனுவில் கையெழுத்து விழுவதற்கு முன்பே உறுதிமொழியை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவது. அப்புறம் எந்த வாதத்துக்கும் முதல் கட்டம் நிற்கும்.

விதிவிலக்கும் இல்லை என்றால் இரண்டாம் கட்டம். அதில் டிக் போட்டால் விசா மறுக்கப்பட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். நான் கையாண்ட மனுக்களில் அந்த ஒரு காரணத்துக்காக மறுத்ததில்லை. அந்தக் கட்டம் படிவத்தில் இருப்பதே அப்படியும் ஆள் எடுக்கலாம் என்பதற்காகத்தான். லைசென்ஸ் விண்ணப்பத்தை வணிகத் துறையின் பிஐஎஸ் என்ற பிரிவுக்கு இணையத்தில் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. பாதுகாப்பு, வெளியுறவு, எரிசக்தித் துறைகளும் பார்க்கலாம். 1995-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி 90 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் அல்லது மேல்மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் அந்த நாள்கள் கணக்கில் வராது, ஆகவே ஆறு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் மனுப் போட்டு அக்டோபர் 1-இல் எச்-1பி தொடங்குகிறது என்றால் அந்த இடைவெளி ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

இரண்டாம் கட்டத்தில் கஷ்டமே அந்தக் காத்திருப்புக் காலம்தான். சாண்டா கிளாராவில் உள்ள இன்டெவாக் என்ற கம்பெனி 2014-இல் 1,15,000 டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. ரஷ்யக் குடிமகனான ஊழியருக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தெரிந்து விண்ணப்பமும் போட்டார்கள். அது வருவதற்குள் அவர் அந்தத் தொழில்நுட்பத்தைப் பார்ப்பது நிற்கவில்லை. நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியிலும் இதே கதைதான். இரண்டாம் கட்டத்தில் டிக் போட்டோம், எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம். ஷேர்டு டிரைவில் அந்த ஃபோல்டரின் அனுமதியை மாற்றச் சொல்லி ஐடி ஆளிடம் யாரும் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஒரு பிரின்டர் பக்கத்தில் கிடந்த டிராயிங்கை நான் தற்செயலாக எடுத்துப் பார்த்தேன். வலது கீழ் மூலையில் கட்டுப்பாட்டு எண் முத்திரை, அதற்கு மேலே அச்சிட்டவர் பெயர். அந்த ஊழியருடைய பெயர்தான். அவர் மேல் துளி தப்பில்லை. யாரும் அவரிடம் எதைத் திறக்கக்கூடாது என்று சொல்லவே இல்லை. நாங்களே அரசிடம் போய்ச் சொன்னோம். எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அதற்குள் எத்தனை இரவு தூக்கம் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

ஃபோல்டர் திறந்து கிடந்தது, ஆனால் அவர் திறக்கவில்லை என்றால் அது மீறலா? திறந்து பார்த்து, அதிலிருந்து தொழில்நுட்பம் வெளிப்பட்டால்தான் மீறல் என்பது 2016-இல் திருத்திய விளக்கத்துக்குப் பிறகு தெளிவு. திறக்கவில்லை என்பதை நிரூபிக்க உங்களிடம் பதிவு இருக்கிறதா என்பதுதான் அப்புறம் வரும் கேள்வி. 35 பேர் கம்பெனியில் பெரும்பாலும் இருக்காது. எனவே பூட்டிவிடுங்கள்.

நான் திரும்ப வருகிறேன் என்று சொன்ன விஷயம் இதுதான். உங்கள் தம்பி ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார். ஸ்டெம் ஓபிடிக்காக ஐ-983 என்ற பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதை எடுத்துப் படியுங்கள். என்ன கற்றுக்கொடுப்போம் என்று நீங்களே எழுதியது அதில் இருக்கும். அலசலில் எல்லாம் இஏஆர்99 என்று வந்தால் நிம்மதி. கட்டுப்பாட்டில் உள்ளது ஒன்று வந்து, அதை அவர் முன்பே பார்த்திருக்கிறார் என்றும் தெரிந்தால், அங்கேயே நிறுத்துங்கள். மேற்கொண்டு காட்டுவதை நிறுத்துங்கள், மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள், விசா வழக்கறிஞர் போதாது, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வழக்கறிஞரைத் தேடுங்கள். அரசிடம் தானாகப் போய்ச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. அது தண்டனையை வெகுவாகக் குறைக்கும், ஆனால் எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிவில் அபராதம் ஒரு மீறலுக்கு 3,00,000 டாலர் அல்லது பரிவர்த்தனை மதிப்பின் இரண்டு மடங்கு, எது அதிகமோ அதுவரை. டாலர் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே வருகிறார்கள். தெரிந்தே செய்தால் 10 லட்சம் டாலர் வரை அபராதம், 20 வருடம் வரை சிறை.

அடுத்தது உங்கள் கடைசிக் கேள்வி. விசா ஸ்பான்சர் செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம், அதில் சட்டம் தலையிடாது. ஆனால் "கிரீன் கார்டு, குடிமக்கள் மட்டும்" என்று விளம்பரத்தில் எழுதினால் தப்பு. தஞ்சம் கிடைத்தவர், அகதியாக வந்தவர் இந்த விதிகளில் குடிமகனுக்குச் சமம். இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் கிடைத்த ஒரு தமிழர் உங்களிடம் விண்ணப்பித்தால், ஏற்றுமதி விதியைக் காட்டி அவரை ஒதுக்க முடியாது, அவருக்கு லைசென்ஸே தேவையில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2023 ஏப்ரலில் நீதித் துறையோடு 3,65,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது இதை ஒட்டிய விஷயத்தில்தான். ஏற்றுமதி விதிக்காக என்று சொல்லிக் கிரீன் கார்டு உள்ளவர்களிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். வேலை அனுமதி பார்க்கும் ஐ-9 வேலையையும் இந்த அலசலையும் கலந்துவிட்டதுதான் அங்கே தவறு. நான் கடைப்பிடிக்கும் வரிசை: முதலில் வேலையை அலசு, அந்த வேலையில் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார், அப்புறம் ஆளைத் தேர்ந்தெடு, தேர்ந்தெடுத்த பிறகு குடியுரிமையைக் கேள். எல்லோரிடமும் ஒரே கேள்வியாகக் கேள். பிறந்த ஊரை எப்போதும் கேட்காதே.

தம்பி இந்தியா போய்ச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் செய்யும்போது, கூடுதல் சோதனைக்காக விசாவை நிறுத்தி வைக்கும் 221(ஜி) என்று ஒரு காகிதத்தைக் கொடுத்து, ரெஸ்யூமே, ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் எல்லாம் கேட்கலாம். அது வெளியுறவுத் துறையின் தனிச் சோதனை. ஆறாம் பகுதியில் நீங்கள் எந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள் என்பதால் வருவதில்லை. ஆனால் அங்கே அவர் தன் வேலையைப் பற்றிச் சொல்வதும் மனுவில் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆகவே வழக்கறிஞருக்கு இப்போதைக்கு "ஒரு வாரம் கொடுங்கள், அலசிவிட்டு அனுப்புகிறோம்" என்று மட்டும் எழுதுங்கள். தலைமை இன்ஜினியரோடு ஒரு மத்தியானம் உட்காருங்கள். தம்பி தொடும் ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு மென்பொருளுக்கும் என்ன எண், எதனால் அந்த எண், யார் சொன்னார், எந்தத் தேதி என்று இரண்டு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 5 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவருடைய வேலை மாறினால், வேறு புராஜெக்ட்டுக்குப் போனால், அந்த இரண்டு பக்கத்தைத் திரும்ப எடுங்கள். எண்ணில் சந்தேகம் தீரவில்லை என்றால் பிஐஎஸ்ஸிடமே வகைப்படுத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை, ஆனால் சில வாரம் ஆகும்.

அப்புறம் அந்தத் தம்பியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், மின்னஞ்சலில் வேண்டாம். முதல்முறை நான் ஒருவரை அழைத்து "இந்த ஃபோல்டரை நீங்கள் திறக்கக்கூடாது" என்று சொன்னபோது, தன்னை உளவாளி என்று சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்து அவர் முகம் வெளுத்துப்போனது. இரண்டு நாள் யாரோடும் சாப்பிட வரவில்லை. அதற்குப் பிறகு நான் இப்படித்தான் தொடங்குவேன்: "இது உங்களைப் பற்றிய விசாரணை இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டுக்கும் எங்கள் டிராயிங்குக்கும் நடுவில் ஒரு விதி இருக்கிறது, அதைச் சரியாகச் செய்யவேண்டியது எங்கள் வேலை. உங்களுக்குத் தெரிய வேண்டியது எந்த ஃபோல்டர், எவ்வளவு நாள் என்பது மட்டும்தான்." அவர் கேள்வி கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போதும்.